தவளக்காரரும் தளபதிகளும்
கண்டி மலைகள் கற்பித்த போர்ப்பாடம் பற்றிச் சில குறிப்புகள்

மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல இப்பொழுது இணையவழியிலேயே முதுமாணிப் பட்டங்களை வழங்கி வருகின்றன. மரபுசாரா யுத்தமும் உலகப் பாதுகாப்பும் என்பது அவற்றுள் ஒன்று. கட்டுகஸ்தோட்டையிலோ அக்குறணையிலோ இருக்கும் ஓர் இளைஞர், கட்டணம் செலுத்தும் வசதி மட்டும் இருந்தால், வீட்டை விட்டு நகராமலே அதனைக் கற்று முடித்துவிடலாம். 1896இல் கோல்வெல் என்ற ஆங்கிலப் படையதிகாரி எழுதிய 'சிறு யுத்தங்கள்', 1938இல் மாவோ ஆற்றிய நீடித்த யுத்தம் பற்றிய விரிவுரைகள், மலாயா, அல்ஜீரியா, வியட்நாம், ஆப்கானிஸ்தான் என்று பாடங்கள் நீளும். பலமுள்ள படையைப் பலமற்ற மக்கள் எவ்வாறு களைப்படையச் செய்கிறார்கள், அந்த மக்களைப் பலமுள்ள படை எவ்வாறு மடக்குகிறது என்பவையே இத்துறையின் இரு பக்கங்கள்.

அந்த இளைஞர் கணினியை மூடிவிட்டு யன்னலைத் திறந்தால் கண்ணுக்குத் தெரியும் மலைகளிலேயே இந்தப் பாடம் முழுவதும் நடந்து முடிந்திருக்கிறது. மலாயாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் கிடைத்த இடம் பாடநூல்களில் கண்டிக்குக் கிடைக்கவில்லை என்பது ஒருபுறமிருக்க, கண்டிப் போர்களைப் பற்றி எழுதப்பட்ட நூல்களில் நம்மவருக்குக் கிடைத்த இடம் அதனிலும் சிறியது. இக்கட்டுரை அந்த இரண்டாவது குறையைப் பற்றியது. மன்னரையும் தளபதிகளையும் விட்டுவிட்டு, அவர்களுக்கு நடுவே உப்பையும் செய்தியையும் சுமந்து நடந்தவர்களை நோக்க விரும்புகிறேன்.

முதலில் போர் நடந்த விதத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம். கண்டியை நோக்கி வந்த ஐரோப்பியப் படைகளுக்கு நேர்ந்த கதி இருநூறு ஆண்டுகளாக ஏறத்தாழ ஒரே மாதிரியானது. 1594இல் பேத்ரோ லோப்பஸ் த சூசா கண்டிக்குள் நுழைந்தார். உணவு வரும் வழிகள் அடைபட்டன. பின்வாங்கும்போது தந்துரையில் படை அழிந்தது. 1630இல் கொன்ஸ்தந்தீனு த சா ஊவாவுக்குள் சென்று தீ வைத்துத் திரும்புகையில் ரந்தெனிவலையில் அவரது லஸ்கரீன் வீரர்களே பக்கம் மாறினர். 1638 மார்ச்சில் தியோகு த மெலோ தலைநகருக்குள் நுழைந்தபோது அங்கு ஆளில்லை. எரித்துவிட்டுத் திரும்பியவர் கன்னொறுவையில் இரண்டாம் இராஜசிங்கனிடம் சிக்கிக்கொண்டார். அந்தப் போர்த்துக்கேயருள் உயிரோடு பிடிபட்டவர்கள் 33 பேர் மட்டுமே என்று மரபு கூறும். பேராதனைப் பாலத்தைக் கடந்து கன்னொறுவைக்குப் போகும் இன்றைய மாணவர் அந்தக் களத்தின் மீதுதான் பஸ்ஸில் செல்கிறார்.

1765இல் ஒல்லாந்த ஆளுநர் வன் எக் பெரும்படையோடு வந்து தலைநகரைக் கைப்பற்றினார். கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் ஹங்குரங்கெத்தவுக்கு நகர்ந்துவிட்டார். சில வாரங்களில் வன் எக் இறந்தார். எஞ்சிய படை நோயோடும் பசியோடும் கடற்கரைக்குத் திரும்பியது. தலைநகரைப் பறிகொடுப்பதைக் கண்டியர் தோல்வியாகக் கருதவில்லை. வெறும் ஊரை எதிரியின் கையில் கொடுத்துவிட்டு, அவன் திரும்பிப் போகவேண்டிய பாதையை அவர்கள் பிடித்துக்கொண்டனர். மழையும் காய்ச்சலும் மிகுதி வேலையைப் பார்த்துக்கொண்டன.

இந்த முறையை முதன்முதலில் ஒரு பாடமாக எழுதி வைத்தவர் கண்டியர் அல்லர். அவர்களிடம் அடிவாங்கித் தப்பிய ஓர் ஆங்கிலேயர். 19ஆம் படைப்பிரிவின் கெப்டன் ஆதர் ஜோன்ஸ்டன் 1804 செப்டெம்பரில் ஏறக்குறைய 300 படையினருடன் மட்டக்களப்பிலிருந்து கண்டிக்குப் புறப்பட்டார். பல திசைகளிலிருந்து ஆறு படைப்பிரிவுகள் வந்து கண்டியில் கூடும் என்பது திட்டம். கட்டளைகளில் இருந்த குழப்பத்தினால் மற்றவை வரவேயில்லை. ஒக்டோபர் தொடக்கத்தில் தனியாகக் கண்டியை அடைந்த ஜோன்ஸ்டன், சில நாட்கள் காத்திருந்துவிட்டுத் திருகோணமலையை நோக்கிச் சண்டையிட்டவாறே பின்வாங்கினார். 1810இல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூல் ஒரு பயணக்கதை மட்டுமன்று. கண்டிச் சிப்பாய் தன் பதினைந்து நாள் உணவைத் தானே சுமந்து வருவான். தாளிப்பனை ஓலையே அவனுக்குக் கூடாரம். தவணை முடிந்தால் வேறொருவன் வந்து அவன் இடத்தை நிரப்புவான். எதிரியை நேரில் சந்திக்கமாட்டான். மரங்களை வெட்டிப் பாதையில் சாய்ப்பான். கொடித்துவக்கு எனும் சிறு பீரங்கியைப் புதர்மறைவில் வைத்துச் சுட்டுவிட்டு மறைவான். சுமைகாரர் மீதுதான் அவன் குறியெல்லாம் இருக்கும் என்று அவர் விவரிக்கிறார். ஸ்பெயின் நாட்டார் நெப்போலியனுக்கு எதிராக நடத்திய சண்டையினால் 'கெரில்லா' என்ற சொல் ஐரோப்பாவெங்கும் பரவிக்கொண்டிருந்த அதே ஆண்டுகள் இவை. சொல் மட்ரிட்டிலிருந்து வந்தது. பொருளைக் கண்டி அதற்கு முன்பே வைத்திருந்தது.

ஜோன்ஸ்டனின் படையில் சிப்பாய்களைவிடச் சுமைகாரரே அதிகம் என்பதை வாசிப்பவர்கள் பெரும்பாலும் கடந்து போய்விடுகிறார்கள். இக்கட்டுரையின் விடயம் அங்கேதான் தொடங்குகிறது.

மலைநாட்டில் நெல் விளையும், கித்துள் சுரக்கும், பாக்கு காய்க்கும். உப்பு விளையாது. உப்பு புத்தளத்திலிருந்தும் சிலாபத்திலிருந்தும் தென்கிழக்குக் கரையிலிருந்தும் வரவேண்டும். கருவாடும் புடவையும் அப்படித்தான். 1766 ஒப்பந்தத்தோடு கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமான பின்னர், உப்பை அள்ளிச்செல்லும் அனுமதியே கண்டிக்கு எஞ்சியது. உப்பு வாய்க்காலை எதிரி எந்நேரமும் அடைக்கலாம். அகன்ற பாதைகளை மன்னர்கள் விரும்பவில்லை என்பதை இருபது ஆண்டுகள் கண்டியில் கைதியாக இருந்த ரொபட் நொக்ஸ் 1681இல் எழுதினார். கணவாய்களில் முட்கதவுகள் இருந்தன. கடவத்தைகளில் காவலர் நின்றனர். வண்டி போகாத அந்த ஒற்றையடிப் பாதைகளில் உப்பை எப்படிக் கொண்டுவருவது? பொதிமாடுகளால். அந்த மாடுகளின் அணியே தவளம். தவளத்தை நடத்தியவர்களில் பெரும்பான்மையோர் சோனகர்.

இது தனியார் வணிகமாக மட்டும் இருந்திருந்தால் போர் வரலாற்றில் அதற்கு இடம் இல்லை. ஆனால் கண்டி அரசு இதற்கென ஒரு திணைக்களத்தையே வைத்திருந்தது. மடிகே பத்த என்பது அதன் பெயர். மடிகேயைச் சேர்ந்தோர் நிலம் பெற்றனர். பதிலாக அரசனின் பொருளைத் தம் மாடுகளில் சுமப்பது அவர்களது இராஜகாரியக் கடமை. நவீனப் பாடநூல் மொழியில் சொன்னால் அது படையின் வழங்கல் பிரிவு. தலைநகரைக் கைவிட்டு மலைக்குள் மறையும் ஓர் அரசு தன் களஞ்சியங்களை நிரப்பி வைத்திருக்க வேண்டும்; நிரப்பியவர்கள் இவர்கள். கரைக்கும் மலைக்கும் இடையே எல்லையைக் கடந்து போய்வரும் அனுமதியும் இவர்களிடம் இருந்தது. எனவே கரையில் எத்தனை கப்பல் வந்திருக்கிறது, எந்தக் கோட்டையில் எத்தனை சிப்பாய் என்ற செய்தி உப்போடு சேர்ந்து மலைக்கு வந்தது. அதே பாதையில் மலையின் செய்தி கரைக்கும் போனது. இரண்டையும் மறைக்காமல் சொல்வதே நேர்மை.

நம்மவர் மலைக்குள் எப்படி வந்தனர் என்பதற்கும் போரே காரணம். 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து சோனகரை வெளியேற்றினர். கண்டி மன்னன் செனரத் அவர்களை ஏற்று, 4000 பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியமர்த்தினான் என்று போர்த்துக்கேயப் பாதிரியார் குவெய்ரோஸ் எழுதுகிறார். புகலிடம் என்று இதனை நாம் நன்றியோடு நினைவுகூர்கிறோம், அது சரியானதே. அதே வேளையில் இது நல்ல யுத்த மதியூகமும்கூட. எதிரி விரட்டியவனை எல்லையில் குடியமர்த்தினால் அவன் எதிரிக்கு எளிதில் துணைபோகமாட்டான். செனரத்தின் கருணையையும் கணக்கையும் பிரித்துப் பார்க்க வேண்டிய தேவை இல்லை என்றே நினைக்கிறேன்.

பங்கரகம்மனைக் கதை நம்மில் பலர் அறிந்தது. போர்த்துக்கேயர் துரத்த ஓடிவந்த மன்னன் ஒரு மரப்பொந்தில் ஒளிந்துகொண்டான். அதைக் கண்ட முஸ்லிம் பெண் ஒருத்தி கேட்டவர்களிடம் காட்டிக்கொடுக்க மறுத்தாள், அவளை வெட்டிக்கொன்றனர். 'என்னைக் காத்த இரத்தம்' என்று மன்னன் சிங்களத்தில் சொன்னதிலிருந்தே 'மரக்கல' என்ற பெயர் பிறந்தது என்பர். லோர்னா தேவராஜா முஸ்லிம்களைப் பற்றி 1994இல் வெளியிட்ட ஆய்விலும் இக்கதை இடம்பெறுகிறது. பெயர்க் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. மரக்கலம் என்பது கப்பலுக்கு வழங்கும் நல்ல தமிழ்ச் சொல். மரக்கலத்தில் வந்தவர் மரக்கல ஆனார். அதற்கு இரத்தம் தேவையில்லை. ஆனால் கதையின் உள்ளடக்கத்தை அத்தனை இலகுவில் தள்ளிவிட முடியாது. மக்கள் எனும் நீரில் போராளி எனும் மீன் நீந்துவதாக மாவோ சொன்னது பாடநூல்களில் திரும்பத் திரும்ப வரும். மீன் தப்பிவிடும், நீரின் கதி என்ன என்று கேட்பவர் குறைவு. பங்கரகம்மனைப் பெண்ணுக்கு அந்தக் கதையில் பெயர்கூட இல்லை.

1803க்கு வருவோம். ஆளுநர் பிரெடெரிக் நோர்த் அனுப்பிய ஜெனரல் மக்டொவல் பெப்ரவரி பிற்பகுதியில் கண்டிக்குள் நுழைந்தபோது நகரம் வெறுமையாக எரிந்துகொண்டிருந்தது. முத்துசாமி என்பவரை அரியணையில் அமர்த்திவிட்டு ஏப்ரலில் அவர் திரும்பிப் போனார். மேஜர் டேவியின் தலைமையில் விடப்பட்ட காவற்படையைக் காய்ச்சல் தின்றது. ஜூன் 24ஆம் திகதி கண்டியர் மாளிகையைத் தாக்கினர். டேவி சரணடைந்து, திருகோணமலைக்குப் போக அனுமதி பெற்று, வத்தபுளுவையில் மகாவலி ஆற்றங்கரைக்கு வந்தார். ஆறு பெருக்கெடுத்து ஓடியது, கடக்கப் படகில்லை. முத்துசாமியை ஒப்படைக்குமாறு கேட்டனர், ஒப்படைத்தார், அவர் கொல்லப்பட்டார். ஜூன் 26இல் ஆங்கிலப் படையினரும் கொல்லப்பட்டனர். தப்பிய கோப்ரல் பார்ன்ஸ்லி காயத்தோடு சென்று செய்தி சொன்னார். டேவி பல ஆண்டுகள் கண்டியிலேயே கைதியாக இருந்து இறந்தார். வத்தபுளுவையில் டேவியின் பெயரால் மரம் ஒன்று நின்றதும், அவ்விடத்தில் நினைவுக்கல் இருப்பதும் பலருக்குத் தெரிந்ததே.

அந்த ஆற்றங்கரையில் நின்ற மலாய்ச் சிப்பாய்களுக்கு நினைவுக்கல் கிடையாது. ஒல்லாந்தர் காலத்தில் யாவாவிலிருந்தும் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்தும் நாடுகடத்தப்பட்டும் படைக்கென எடுக்கப்பட்டும் வந்தவர்களின் வழியினர் இவர்கள். டேவியின் படையிலும் மலாயர் இருந்தனர். மன்னனின் படையிலும் மலாயர் இருந்தனர். ஆங்கிலேயர் பக்கத்துத் தலைவர் கெப்டன் நூருதீன். மன்னன் பக்கத்துத் தலைவர் சங்குங்லோ. இருவருமே மக்காசர்ப் பக்கத்துக் கோவா அரச குடும்பத்தினர். சகோதரர் என்றும் சொல்லப்படுவதுண்டு. சங்குங்லோ ஜூன் 24 தாக்குதலில் மாளிகை வாயிலில் வீழ்ந்தார். நூருதீன் சிறைப்பட்டு மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் முன் நிறுத்தப்பட்டார். தன் படையிலுள்ள மலாயருக்கெல்லாம் தலைவராக்குவதாக மன்னன் சொன்னான். வேறொருவருக்குக் கொடுத்த வாக்கை மாற்ற முடியாது என்று நூருதீன் மறுத்தார். அவரும் அவர் தம்பியும் கொல்லப்பட்டனர். அடக்கம் செய்ய அனுமதிக்கப்படாமல் உடல்கள் காட்டில் இழுத்தெறியப்பட்டன என்றும் பன்றிகள் தின்றன என்றும் அக்காலத்து ஆங்கிலக் குறிப்புகள் கூறுகின்றன. ஜனாஸா இல்லாமல் போன அந்த இருவரையும் எந்தப் பக்கத்து வீரர் பட்டியலில் சேர்ப்பது? ஆங்கிலேயருக்கு அவர் கூலிச் சிப்பாய். கண்டியருக்கு அவர் ஆக்கிரமிப்பாளரின் ஆள். இலங்கை மலாயர் படைவரலாற்றை 'ஓராங் ரெஜிமென்' எனும் நூலில் (1990) பீ.ஏ. ஹுஸைன்மியா எழுதாதிருந்தால் நமக்கு அந்தப் பெயரும் தெரிந்திராது.

இரு பக்கத்தாரும் வேண்டி அழைப்பதும், பின்னர் இரு பக்கத்தாரும் சந்தேகிப்பதுமான இந்த நிலை, 1815க்குப் பின் இன்னும் கூர்மையடைந்தது. கண்டி 1815இல் படைபலத்தால் வீழவில்லை. ஜோன் டொயிலி பல ஆண்டுகளாகப் பின்னிய உளவு வலையாலும், மன்னன் மீது பிரதானிகளுக்கு ஏற்பட்ட வெறுப்பாலும் வீழ்ந்தது. டொயிலியின் நாட்குறிப்பு அச்சில் கிடைக்கிறது. அதில் செய்தி கொண்டுவருவோர் வரிசையில் பிக்குமார், கிராமத் தலைவர், சிறு வியாபாரிகள் என எல்லா வகையினரும் உண்டு, சோனகரும் உண்டு. சோனகர் மட்டுமே காட்டிக்கொடுத்தனர் என்று பேசுவோர் அந்த நாட்குறிப்பை ஒரு முறையேனும் புரட்டிப் பார்க்கலாம். மார்ச் 2ஆம் திகதி உடன்படிக்கையில் கையொப்பமிட்ட பிரதானிகளுள் சோனகர் எவருமில்லை.

1817இல் வெல்லஸ்ஸையில் நடந்தது நமக்கு மிக முக்கியமானது. ஆங்கில ஆட்சி அங்கு ஹாஜி மரைக்கார் என்ற சோனகரை மடிகே முகாந்திரமாக நியமித்தது. அதுவரை அப்பகுதித் தவளக்காரர் மீது உள்ளூர்த் திசாவைக்கு இருந்த அதிகாரமும் அதனோடு வந்த வருமானமும் இதனால் பறிபோயின. நிருவாகக் கடிதம் ஒன்றினால் செய்யப்பட்ட அந்த மாற்றம் ஊவாவின் கோபத்துக்குக் கிடைத்த காரணங்களுள் ஒன்றாயிற்று. உரிமை கோரும் ஒருவர் காட்டில் தோன்றியிருக்கிறார் என்ற செய்தி வந்தபோது, பதுளையிலிருந்த உதவி வதிவிடப் பிரதிநிதி சில்வெஸ்டர் வில்சன் அவரைப் பிடிக்க ஹாஜியை அனுப்பினார். ஹாஜி பிடிபட்டுக் கொல்லப்பட்டார். பின்னர் நேரில் போன வில்சனும் அம்புக்கு இரையானார். ஆங்கில அதிகாரியின் மரணமே கிளர்ச்சியின் தொடக்கமாக நூல்களில் வரும். முகாந்திரத்தின் மரணம் அதற்கு முந்தியது.

ஹாஜியைத் துரோகி என்பவரும் உண்டு, தியாகி என்பவரும் உண்டு. இரண்டும் அவருக்குப் பொருந்தவில்லை. புதிய ஆட்சி கொடுத்த பதவியை ஏற்றுத் தன் கூட்டத்தாரை ஒரு பிரதானியின் பிடியிலிருந்து விடுவிக்க முயன்ற ஒரு வணிகராகவே அவர் எனக்குத் தெரிகிறார். அந்தப் பதவியைக் கொடுத்தவர்கள் அதன் விலையைக் கணக்கிட்டிருக்கவில்லை. கணக்கிட்டிருந்தாலும் அதைச் செலுத்தப்போவது அவர்களல்லர். ஒரு சிறு சமூகத்தைத் தனக்கு வேண்டியதாக்கிக்கொண்டு பெரும்பான்மையின் நடுவே நிறுத்தும் இந்த உத்தியை அல்ஜீரியாவின் ஹார்க்கிகளிலும் வியட்நாமின் மலைச்சாதியினரிலும் பிற்காலப் பாடநூல்கள் விரிவாக ஆராய்கின்றன. வெல்லஸ்ஸை அதற்கு மிக முந்தைய உதாரணம்.

1818இல் ஆளுநர் பிரவுண்றிக் இராணுவச் சட்டத்தோடு பதில் கொடுத்தார். வீடுகள் எரிக்கப்பட்டன, நெல்லும் கால்நடையும் அழிக்கப்பட்டன. உப்பு மலைக்குப் போகாமல் தடுக்கப்பட்டது. தவளத்தின் பெறுமதியை ஆங்கிலேயர் அப்போதுதான் முழுதாக உணர்ந்தனர் போலும். அதே ஆண்டின் பிரகடனம் ஒன்று கண்டிச் சோனகரைச் சிங்களத் தலைவர்களின் அதிகாரத்திலிருந்து விலக்கி அரசாங்கப் பிரதிநிதிகளின் கீழ் வைத்தது. சலுகை போலத் தோன்றும் இந்த வரிகளை நமது முன்னோர் மகிழ்ந்து வரவேற்றிருக்கக்கூடும். இருநூறு ஆண்டுகளாக ஒரே இராஜகாரிய முறைக்குள் அயலவராக இருந்தவர்களைத் தனி ஏட்டில் எழுதிய நாளும் அதுவே. 1818 நவம்பர் 26இல் போகம்பறையில் கெப்பெட்டிபொலவின் தலை வெட்டப்பட்டதோடு கிளர்ச்சி அடங்கியது.

அதன் பின்னர் வந்தது பாதை. எட்வட் பார்ன்ஸ் 1820களில் கொழும்பு - கண்டி வீதியை அமைத்தார். கடுகண்ணாவையில் பாறையைத் துளைத்தனர்; வீதியை அமைத்த கெப்டன் டோசனுக்கு அங்கு எழுப்பிய கோபுரம் இன்றும் நிற்கிறது. கோப்பிக்காக அமைத்த வீதி என்று பள்ளியில் படிக்கிறோம். கோப்பி பின்னால் வந்த இலாபம். முதல் நோக்கம் பீரங்கி. 1848இல் மாத்தளையில் புரன் அப்புவும் கொங்காலேகொட பண்டாவும் எழுந்தபோது கண்டியிலிருந்து படை விரைந்து சென்றது. சில நாட்களில் எல்லாம் முடிந்தது. இருநூறு ஆண்டுகள் தாக்குப்பிடித்த முறை ஒரு வீதிக்கு முன் நிற்கவில்லை. அதே ஆண்டுகளில் கவ்காஸ் மலைகளில் இமாம் ஷாமில் ரஷ்யப் பேரரசை எதிர்த்து நின்றார். 1845இல் தார்கோவை நோக்கிப் போன வொரொன்சோவின் படை, கண்டிக்குப் போன படைகளைப் போலவே வெறும் ஊரைப் பிடித்துத் திரும்பும் வழியில் நொறுங்கியது. அதன் பின்னர் ரஷ்யர் ஆண்டுதோறும் காட்டை வெட்டிப் பாதை போட்டனர். 1859இல் ஷாமில் சரணடைந்தார். கடுகண்ணாவைப் பாறைக்கும் செச்னியக் காட்டுக்கும் வேறுபாடு அதிகம் இல்லை.

வீதியோடு தவளமும் மெல்ல மறைந்தது. மாட்டுவண்டி வந்தது, 1867இல் புகையிரதம் வந்தது. தவளக்காரரின் பேரர்கள் கடைக்காரராயினர். ஒரு சிறு இடைக்குறிப்பு: முறையான போரில் தோற்ற ஒரு முஸ்லிம் தளபதியும் கண்டிக்கு வந்து சேர்ந்தார். 1882இல் தெல்-எல்-கபீரில் ஆங்கிலேயரிடம் தோற்ற எகிப்தின் அராபி பாஷா 1883இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டு, தம் வனவாசத்தின் பிற்பகுதியை 1901 வரை கண்டியில் கழித்தார். கண்டியில் பிறந்த சித்திலெப்பை மரைக்காருடன் அவர் கொண்ட நட்பு நமது கல்வி வரலாற்றின் பகுதி. கண்டியர் போரிட்ட விதம் பற்றி அராபி என்ன நினைத்தார் என்று அறிய ஆவல்தான்.

கண்டி மீண்டும் போர்ப்பள்ளியானது 1944இல். மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் அவ்வாண்டு ஏப்ரலில் பேராதனைப் பூங்காவுக்கு வந்தது. அதனோடு அமெரிக்க உளவு நிறுவனமான ஓ.எஸ்.எஸ்.சின் 404ஆம் பிரிவும், ஆண்டிறுதியில் பிரித்தானியரின் 136ஆம் படையும் வந்தன. பர்மாவிலும் மலாயாவிலும் சியாமிலும் சுமாத்திராவிலும் யப்பானியருக்கு எதிராகக் கெரில்லாக்களை உருவாக்குவதே இவற்றின் வேலை. இங்கு வந்தவர்களில் மானிடவியலாளர் கிரெகரி பேட்சன் இருந்தார். இந்தோனேசியாவின் அலோர்த் தீவு மக்களைப் பற்றி எழுதிய கோரா டு போய்ஸ் இருந்தார். பின்னாளில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தலைவரான பறவையியலாளர் டில்லன் ரிப்ளி இருந்தார். மக்களைப் படிக்கும் அறிவு மக்களை ஆயுதமாக்கும் அறிவாக மாறியது இப்படியான கொட்டில்களில்தான். இன்று இணையத்தில் விற்கப்படும் அந்த முதுமாணிப் பட்டத்தின் தொட்டில்களில் ஒன்று பேராதனை என்று சொன்னால் மிகையாகாது.

அப்போதும் நடுவில் நின்றவர்கள் இருந்தனர். 1944 ஒக்டோபரில் 136ஆம் படைக்காக மலாயக் கரையில் இறங்கிய இப்ராஹீம் இஸ்மாயில் என்ற இளம் மலாய் அதிகாரி யப்பானியரிடம் பிடிபட்டார். அவர்களுக்காக வேலை செய்வதாக நடித்தவாறே, தாம் பிடிபட்டிருப்பதை இரகசியக் குறிப்பினால் தலைமையகத்துக்கு உணர்த்தினார். 'மரியத்தைச் சந்தித்தீர்களா?' என்பதே பின்னர் அவர் எழுதிய நினைவுநூலின் பெயர். 1970களில் அவர் மலேசிய ஆயுதப்படைகளின் தலைவரானார். நூருதீனுக்கு வாய்க்காதது இவருக்கு வாய்த்தது. மறுபுறம், 136ஆம் படை ஆயுதம் கொடுத்து வளர்த்த மலாயக் கம்யூனிஸ்டுகளின் தலைவர் சின் பெங், பிரித்தானியப் பதக்கம் பெற்ற இரண்டு ஆண்டுகளில், 1948இல், அதே பிரித்தானியருக்கு எதிராகக் காட்டுக்குள் போனார். மலாயா அவசரகாலம் என்று பாடநூல்களில் பெரிய எழுத்தில் வருவது அதுவே. நடுவில் அகப்பட்ட குடியானவர் ஐந்து இலட்சம் வரையானோர் முட்கம்பி வேலிக்குள் குடியமர்த்தப்பட்டதும் அங்கேதான்.

இத்துறையின் இன்றைய பாடங்களில் முஸ்லிம் பெயர்கள் நிறைய வருகின்றன. பெரும்பாலும் ஆய்வுக்குரிய ஆபத்தாக. 2019 ஏப்ரல் 21இல் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250க்கு மேற்பட்டோரைக் கொன்றவர்கள் நமது பெயர்களைத் தாங்கியிருந்தனர் என்பதை மறைத்துப் பயனில்லை. அதற்கு ஓராண்டு முன்னர், 2018 மார்ச்சில், திகனையிலும் தெல்தெனியவிலும் அக்குறணையிலும் முஸ்லிம் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன என்பதையும் மறைக்கத் தேவையில்லை. வாகனம் தொடர்பான சச்சரவில் சிங்களச் சாரதி ஒருவர் தாக்கப்பட்டு இறந்ததிலிருந்து தொடங்கிய அந்த நாட்களில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. 1815இல் கடைசி மன்னன் தப்பியோடிப் பிடிபட்ட மெதமஹனுவரைக்கும் அந்தத் திசையிலேயே போகவேண்டும். நாங்கள் இந்த மண்ணுக்கு உண்மையானவர்கள் என்று காட்ட, மன்னனைக் காத்த பெண்ணின் கதையைத்தான் அப்போதெல்லாம் மேடைகளில் எடுத்துவைத்தோம். விசுவாசத்துக்குச் சான்றிதழாக அந்தக் கதையைப் பயன்படுத்துவது எனக்கு உவப்பானதன்று. அயலவனுக்கு இருநூறு தலைமுறைக்குக் கணக்குக் காட்டுவதில்லை. அயலவன் அதைக் கேட்பதுமில்லை.

அந்த இணையவழி மாணவர் தம் ஆய்வேட்டுக்கு விடயம் தேடுவாரானால் மடிகேயை எடுத்துக்கொள்ளலாம். 1896இலும் 1898இலும் வெளிவந்த லோரியின் மத்திய மாகாண விவரணக் கோவையில் ஊர் ஊராகக் குடிகளும் கடமைகளும் பதியப்பட்டுள்ளன. டொயிலியின் நாட்குறிப்பு இருக்கிறது. இவற்றுக்கும் மேலாக, பொதிமாட்டோடு எந்தக் கணவாயால் ஏறினார்கள், எங்கே இராத்தங்கினார்கள், எந்த ஊர்ச் சிங்களக் குடும்பம் மாட்டுக்குத் தண்ணீர் வைத்தது என்ற செய்திகள் சில வீடுகளில் இன்னும் முதியவர் வாயில் இருக்கின்றன. அவற்றை எழுதுவதற்கு எஞ்சியிருக்கும் காலம் அதிகமில்லை. கண்டியிலிருந்து குருநாகல் வீதியில் கலகெதரைக் கணவாயை நெருங்கும்போது ஒரு முஸ்லிம் ஊர் வரும். அதன் பெயர்ப்பலகையில் இன்றும் மடிகே என்றுதான் எழுதியிருக்கிறது.